83 நாளும் 7 நாளும்

மகனோ மகளோ லண்டனில் வேலை பார்க்கும் வீடுகளில் வருஷா வருஷம் ஏப்ரல், மே வாக்கில் ஒரு பேச்சு கிளம்பும். 'அப்பாவும் அம்மாவும் வர்றாங்க. ஸ்காட்லாந்து கூட்டிட்டுப் போகலாம். டூரிஸ்ட் பஸ் வேண்டாம், நாமே கார் ஓட்டலாம். ஹோட்டல் வேண்டாம், பி அண்ட் பி-யில தங்கலாம். சாவகாசமா சுத்திட்டு வரலாம்.'

எல்லாம் நல்ல யோசனைதான். சிக்கல் அந்தச் 'சாவகாசமா'வில் இருக்கிறது. அடுத்த அரை மணி நேரத்தில் ஒரு பயணத் திட்டம் தயாராகும். அதில் அந்த வார்த்தையைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும்.

பி அண்ட் பி என்றால் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட். ஒரு குடும்பம் தான் குடியிருக்கும் வீட்டிலேயே இரண்டு மூன்று அறைகளை வழிப்போக்கர்களுக்கு விடும். ராத்திரி படுக்கை, காலையில் வயிறார ஒரு சாப்பாடு. மத்தியானமும் ராத்திரியும் உங்கள் பாடு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சாலையோரம் ஊருக்கு ஊர் இந்தப் பலகையைப் பார்க்கலாம். நம் ஊர்ச் சத்திரத்துக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிற ஏற்பாடு. காசு வாங்குவார்கள், ஆனால் சூடாக டீ போட்டுக் கொடுத்து 'எங்கேயிருந்து வர்றீங்க?' என்றும் கேட்பார்கள்.

சரி, அந்தத் திட்டத்துக்கு வருவோம். இப்போது ஸ்காட்லாந்து என்றதும் எல்லாரும் சொல்வது 'நார்த் கோஸ்ட் 500'. 2015-ல் பெயர் சூட்டி விளம்பரப்படுத்திய பாதை. சாலைகள் எல்லாம் பழையவை, பெயர் மட்டும்தான் புதுசு. இன்வர்னஸ் நகரத்துக் கோட்டையில் தொடங்கி, வடக்குக் கரையோரமாக வட்டமடித்து, அங்கேயே வந்து முடியும். மொத்தம் 516 மைல், சுமார் 830 கிலோமீட்டர். இதற்கு 5 நாள் திட்டம், 7 நாள் திட்டம், 10 நாள் திட்டம் என்று எத்தனையோ அச்சில் இருக்கின்றன.

இந்தத் திட்டங்களை ஓர் இலக்கிய வகையாக எடுத்துக்கொண்டு விமர்சனம் பண்ணலாம் என்று தோன்றுகிறது. ஏனென்றால் கதை, கவிதை போல இவற்றுக்கும் இலக்கணம் இருக்கிறது. முதலில், எல்லா வாக்கியமும் கட்டளை வாக்கியம். பார், ஏறு, படம் எடு, கிளம்பு. இரண்டாவது, இவற்றில் மழையே பெய்யாது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில்! மூன்றாவதுதான் முக்கியம். இவற்றில் மனுஷனே கிடையாது. ஏரி, அருவி, இடிந்த கோட்டை, வெள்ளை மணல் கடற்கரை எல்லாம் வரிசையாக வரும். அங்கே யார் இருக்கிறார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஒரு வரி தேடினாலும் கிடைக்காது. காலி பண்ணி வைத்த வீட்டைச் சுற்றிக் காட்டுகிற தரகர் மாதிரி.

கணக்கிலும் ஏமாற்று இருக்கிறது. 516 மைலை 7 நாளால் வகுத்தால் நாளைக்கு 74 மைல், சுமார் 120 கிலோமீட்டர். 'இவ்வளவுதானா, சென்னையிலிருந்து திருச்சிக்கே 300 கிலோமீட்டருக்கு மேல ஒரே மூச்சில் போறோமே' என்பீர்கள். நாற்கரச் சாலையை மனதில் வைத்துக்கொண்டு பேசக் கூடாது. அங்கே வடமேற்கில் பல இடங்களில் ஒரே ஒரு கார் போகிற அகலம்தான் சாலை. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஒதுங்க இடம் விட்டிருப்பார்கள். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் உங்கள் இடதுபக்கம் இருந்தால் அதில் ஒதுங்க வேண்டும். வலதுபக்கம் இருந்தால் அதற்கு நேராக நின்று எதிராளியை ஒதுங்க விட வேண்டும். பின்னால் அவசரமாக வரும் உள்ளூர்க்காரருக்கும் வழிவிட வேண்டும், அவர் வேலைக்குப் போகிறவர். நடுவில் செம்மறியாடு படுத்திருக்கும். அதற்கு எந்த விதியும் கிடையாது.

ஆப்பிள்கிராஸ் ஊருக்குப் போகும் 'பெலாக் நா பா' கணவாய் கடல் மட்டத்திலிருந்து 626 மீட்டர் ஏறுகிறது. கேலிக் மொழியில் 'பசுக்களின் கணவாய்' என்று அர்த்தம். அந்தக் காலத்தில் மாடு ஓட்டிப் போன வழி. புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள், பெரிய வண்டிக்காரர்கள் வர வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். திட்டத்தில் இதற்கு ஒதுக்கியிருப்பது மத்தியான நேரத்தில் கொஞ்சம்.

*

இதே மாதிரி ஒரு பயணம் 1773-லும் நடந்தது. போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன், வயது 63. கனத்த உடம்பு, ஒரு கண் சரியாகத் தெரியாது, காதும் மந்தம். இன்னொருவர் அவருடைய சிஷ்யர் ஜேம்ஸ் பாஸ்வெல், வயது 32, வக்கீல், எடின்பரோக்காரர். ஆகஸ்ட் 18-ம் தேதி எடின்பரோவில் கிளம்பி, கிழக்குக் கரையோரமாக இன்வர்னஸ், அங்கிருந்து மேற்கே ஸ்கை, ராசே, கோல், மல், ஐயோனா தீவுகள் என்று சுற்றிவிட்டு, நவம்பர் 9-ம் தேதி ராத்திரி திரும்பினார்கள். மொத்தம் 83 நாள்! இன்வர்னஸ் வரைதான் வண்டிப் பாதை. அதற்கு மேல் குதிரை, தீவுகளுக்குப் படகு.

இருவரும் தனித்தனியே புத்தகம் எழுதினார்கள். ஜான்சனுடையது 1775-ல் வந்தது. பாஸ்வெல்லுடையது ஜான்சன் இறந்த பிறகு, 1785-ல். ஒரே பயணத்துக்கு இரண்டு சாட்சிகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது தனி ருசி. இவற்றை இலக்கியம் என்று பயபக்தியோடு அணுக வேண்டாம். சாவகாசப் பயணத்துக்கான கையேடாகவே படிக்கலாம். நம் 7 நாள் திட்டங்களைவிட ரொம்ப உபயோகமான கையேடு.

ஒரு உதாரணம். முன்பதிவு செய்து போவதா, போய்ப் பார்த்துக்கொள்வதா? எல்லாக் குடும்பத்திலும் நடக்கிற சண்டை இது. 1773 செப்டம்பர் முதல் தேதி இவர்களுக்குள்ளும் நடந்தது. இருட்டுகிற நேரம், மலைப்பாதை, எல்லாருக்கும் அலுப்பு. க்ளெனெல்க் விடுதியில் முன்கூட்டியே போய் ஏற்பாடு பண்ணலாமே என்று பாஸ்வெல் குதிரையை முன்னால் தட்டிவிட்டார். ஜான்சனுக்கு வந்ததே கோபம்! கூப்பிட்டு நிறுத்திச் சத்தம் போட்டார். துணையாக வந்தவன் விட்டுவிட்டுப் போவதா என்று வருத்தம். ராத்திரி முழுக்க முறைப்பு, மறுநாள் காலையில் சமாதானம்.

அப்படிப் போய்ச் சேர்ந்த விடுதியில் என்ன இருந்தது? கறி இல்லை, பால் இல்லை, ரொட்டி இல்லை, முட்டை இல்லை, ஒயினும் இல்லை. படுக்கை இருந்தது, அதன் லட்சணத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் வைக்கோல் கேட்டு வாங்கினார்கள். பாஸ்வெல் அதன் மேல் துப்பட்டி விரித்துக்கொண்டார். ஜான்சன் மேல்கோட்டோடு அப்படியே படுத்துவிட்டார். அந்த ராத்திரியில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் ரம்மும் சர்க்கரையும் கொடுத்தனுப்பினார்.

இதில் விமர்சகனுக்கு ஒரு விஷயம் இருக்கிறது. சண்டையைப் பற்றி ஜான்சன் மூச்சுவிடவில்லை. கறி இல்லை, பால் இல்லை என்ற பட்டியல் இருக்கிறது, ரம் கொடுத்தனுப்பியவர் இருக்கிறார். தன் கோபம் மட்டும் இல்லை. பாஸ்வெல் ஒன்று விடாமல் போட்டுடைக்கிறார். ஜான்சன் ஊரைப் பார்த்தார், பாஸ்வெல் ஜான்சனைப் பார்த்தார். நல்ல பயணக் கட்டுரைக்கு இரண்டு கண்ணும் வேண்டும்.

இன்னொரு இடம். லாக் நெஸ் ஏரிக்கரையில் ஒரு ஏழைக் கிழவியின் குடிசைக்குள் போகிறார்கள். ஜான்சன் அந்தக் குடிசையை எப்படிக் கட்டியிருக்கிறார்கள், புகை எப்படி வெளியேறுகிறது, அவளுக்கு அறுபது ஆடுகள், கணவனுக்கு எண்பது வயது, பிள்ளைகள் மாவு வாங்க இன்வர்னஸ் போயிருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் நிதானமாகப் பதிவு செய்கிறார். பாஸ்வெல் சொல்கிற கதை வேறு. 'நீ எங்கே படுப்பாய்?' என்று ஜான்சன் கேட்கச் சொல்ல, அந்தக் கிழவி வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டு நடுங்கிப்போய்விட்டாளாம். ஜான்சன் பெருந்தன்மையாக விட்டுவிட, பாஸ்வெல் காகிதத்தைக் கொளுத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாராம். பிற்பாடு வழியெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் முறை படிக்கும்போது அந்தக் கிழவியின் பயம்தான் மனதில் நிற்கிறது. அடுத்தவர் வீட்டுக்குள் ஊர் பார்க்க வந்தவன் நுழைவதில் உள்ள அத்தனை சங்கடமும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. அவளிடம் போன இரண்டு பேரில் ஒருவர் தயங்கி நின்றார், ஒருவர் எட்டிப் பார்த்தார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போகும் நாம் எந்தக் கட்சி என்று அவரவர் யோசித்துக்கொள்ளலாம்.

ஜான்சன் சின்ன விஷயங்களை விடாதவர். பாம்ஃப் என்ற ஊரில் ஜன்னல் கதவைத் திறந்தால் நிற்காமல் கீழே இறங்குகிறது, கையால் பிடித்துக்கொண்டே காற்று வாங்க வேண்டியிருக்கிறது என்று ஒரு நீண்ட பத்தி எழுதுகிறார். உடனே, இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்களுக்குப் பதிலும் சொல்கிறார். ஒரு தேசத்தின் உண்மை நிலை அரண்மனையில் இல்லை, சாதாரண வீட்டின் அன்றாடத்தில்தான் இருக்கிறது என்பது அவர் வாதம். பி அண்ட் பி-யில் தங்குவதற்கு இதைவிட நல்ல காரணத்தை யாரும் சொல்லவில்லை. ஹோட்டல் ஜன்னல் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் திறக்கும்.

நம் வார இதழ்களிலும் பயணக் கட்டுரைக்குக் குறைவில்லை. பலவற்றில் எந்த ஊரில் இட்லி கிடைத்தது, எங்கே தயிர்சாதம் கிடைக்காமல் தவித்தோம் என்பதே பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும். ஏ.கே. செட்டியார் மாதிரி சின்னச் சின்ன வாக்கியத்தில் மனிதர்களைச் சொல்லிவிட்டு நகர்கிறவர்கள் குறைவு.

*

சாப்பாட்டுப் பேச்சு வந்துவிட்டதால், இரண்டாவது 'பி'யைப் பார்த்துவிடுவோம். ஓட்ஸ் இங்கிலாந்தில் குதிரைக்கும் ஸ்காட்லாந்தில் மனிதருக்கும் ஆகாரம் என்ற ரீதியில் அகராதியிலேயே கிண்டலடித்த ஜான்சன், ஸ்காட்லாந்தின் காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் தோற்றுப்போனார். நாக்கு ருசி தெரிந்தவன் ராத்திரி எங்கே சாப்பிட்டாலும் காலையில் ஸ்காட்லாந்துக்கு வந்துவிட வேண்டும் என்கிற அளவுக்குப் பாராட்டு.

இன்றைக்கும் அந்தத் தட்டு பெரிசுதான். முட்டை, பேக்கன், சாசேஜ், காளான், தக்காளி, உருளைக்கிழங்கில் தட்டிச் சுட்ட 'டாட்டி ஸ்கோன்'. கூடவே கறுப்பாக வட்டமாக ஒன்று இருக்கும். பிளாக் புட்டிங். பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தத்தில் தானியம் கலந்து செய்தது. ரத்தப் பொரியல் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு ஒன்றும் புதுசில்லை. சைவர்கள் அறை பதிவு செய்யும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், ஓட்ஸ் கஞ்சியும் காளானும் தனியாக வரும்.

ஆனால் அந்தச் சாப்பாட்டின் விசேஷம் தட்டில் இல்லை. பரிமாறுகிறவர் நின்று பேசுவதில் இருக்கிறது. 'இன்னிக்கு எங்கே போறீங்க? அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் போங்க. சாலை வேலை நடக்குது, பத்து மணிக்கு மேல கிளம்புங்க.' எந்தத் திட்டத்திலும் இல்லாத தகவல் இது. அந்த வீட்டுக்காரம்மாவோடு பேசுகிற இருபது நிமிஷம்தான் பி அண்ட் பி. மற்றதெல்லாம் வெறும் கட்டில்.

அந்த இருபது நிமிஷம் இப்போது குறைந்துவருகிறது. பல இடங்களில் வாசலில் எண்பூட்டு போட்ட சின்னப் பெட்டி. எண்ணை அமுக்கினால் சாவி கிடைக்கும். ஃப்ரிட்ஜில் பாலும் ரொட்டியும் இருக்கும். வீட்டுக்காரர் எங்கேயோ இருப்பார். இது நம் வசதிக் குறைச்சல் மட்டும் இல்லை. குடியிருந்த வீடுகள் சுற்றுலா வாடகைக்குப் போகப் போக, ஸ்கை தீவிலும் வடமேற்குக் கரையிலும் உள்ளூர் இளைஞர்களுக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கும் வீடு கிடைக்கவில்லை என்ற புகார் வலுத்தது. ஸ்காட்லாந்து அரசு குறுகிய கால வாடகைக்கு லைசென்ஸ் முறை கொண்டுவந்தது. ஏற்கெனவே நடத்திவந்தவர்கள் 2023 அக்டோபர் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சட்டம், சாவிப்பெட்டி முதலாளியையும், தன் வீட்டில் இரண்டு அறை விடும் வீட்டுக்காரம்மாவையும் ஒரே வலையில் பிடித்தது. எங்களையும் ஏன் சேர்க்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

வாடகையால் ஊர் காலியாவது அந்த மண்ணுக்குப் புதுசில்லை. அதுதான் இதில் வேதனை. ஜான்சனும் பாஸ்வெல்லும் அனோக் என்ற இடத்தில் தங்கிய விடுதிக்காரர் அமெரிக்காவுக்குக் கிளம்பப்போவதாகச் சொன்னார். இருபத்தைந்து வருஷத்தில் அவருடைய குத்தகை ஐந்து பவுனிலிருந்து இருபது பவுனாக ஏறியிருந்தது. பத்து என்றால் கொடுத்துவிட்டுப் பிழைத்துக்கொள்வேன் என்றாராம். ஸ்கை தீவில் 'அமெரிக்கா' என்றே ஒரு நடனம் ஆடினார்கள். ஒரு ஜோடி தொடங்க, ஒவ்வொருவராகச் சேர்ந்து, கடைசியில் எல்லாரும் சுழல்வார்கள். கப்பல் ஏறும் மோகம் எப்படித் தொற்றுகிறது என்பதற்கு அது அடையாளம். அவர்களைத் தன் வீட்டில் தங்கவைத்து உபசரித்த ஃப்ளோரா மெக்டொனால்டே மறு வருஷம், 1774-ல், அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

பிற்பாடு நடந்தது இன்னும் மோசம். ஆட்டுப் பண்ணைக்காகக் குடிகளை வெளியேற்றினார்கள். 1814-லும் 1819-லும் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு காலியாயிற்று. நார்த் கோஸ்ட் 500 அந்தப் பள்ளத்தாக்கு கடலில் சேரும் பெட்டிஹில் வழியாகத்தான் போகிறது. அங்கே இதைச் சொல்லும் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. நம் திட்டத்தில் 'ஆள் அரவமற்ற அழகிய பள்ளத்தாக்கு' என்று இருக்கும். ஏன் ஆள் அரவம் இல்லை என்று இருக்காது.

இன்னொன்று, பாதையிலிருந்து விலகி ஆர்ட்கே என்ற ஊரிலிருந்து உள்ளே பத்து மைல். க்ரோய்க் தேவாலயம். 1845-ல் க்ளென்கால்வியிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் அந்தக் கல்லறை முற்றத்தில் தங்கினார்கள். தேவாலய ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கமாகத் தங்கள் கதையைக் கீறி எழுதிவைத்தார்கள். இன்றும் படிக்கலாம். நடுச்சாலையில் வேகமாகப் போகிற யாருக்கும் இது தட்டுப்படாது.

நமக்கென்றே ஒன்றும் இருக்கிறது. இன்வர்னஸிலிருந்து வடக்கே போகும்போது ஆல்னஸ் ஊருக்கு மேலே ஒரு குன்றின் உச்சியில் கல் வளைவுகள் தெரியும். ஃபைரிஷ் நினைவுச்சின்னம். கட்டியவர் சர் ஹெக்டர் மன்றோ. சென்னையில் அங்கவடி இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் இல்லை. அவர் தாமஸ், இவர் வேறு. இந்த மன்றோ 1781-ல் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்தது நம் நாகப்பட்டினம். அந்தக் கோட்டை வாசல் மாதிரியே ஊரில் ஒன்று கட்டிக்கொண்டார். வேலையில்லாமல் கிடந்த உள்ளூர்க்காரர்களுக்குக் கூலி கொடுக்கத்தான் கட்டினார் என்பார்கள். இன்னும் இரண்டு நாள் கூலி கிடைக்கட்டும் என்று கல்லை மலையிலிருந்து உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார் என்று ஒரு கதையும் உண்டு. ஸ்காட்லாந்து மலையில் நாகப்பட்டினம்! தஞ்சாவூர்க்காரர்கள் இதைப் பார்க்காமல் லாக் நெஸ்ஸில் பூதத்தைத் தேடுவது எந்த ஊர் நியாயம்?

*

குறை சொன்னால் போதாது, வழியும் சொல்ல வேண்டும். 83 நாள் லீவு யாருக்கும் கிடைக்காது. பத்து நாள் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், வட்டத்தை முடிக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள். பாதியைத் தேர்ந்தெடுங்கள், கிழக்கோ மேற்கோ. மூன்றே ஊர், ஒவ்வொன்றிலும் மூன்று ராத்திரி. பெட்டியைத் தினமும் கட்டி அவிழ்க்கிற அவஸ்தை போகும். இரண்டாம் நாள் காலையில்தான் வீட்டுக்காரம்மா மனம்விட்டுப் பேசுவார்.

அறையை முன்பதிவு செய்துவிடுங்கள். இந்த விஷயத்தில் நான் பாஸ்வெல் கட்சி. கோடையில் அந்தப் பக்கம் சும்மா போய் நின்றால் வைக்கோல்கூடக் கிடைக்காது. பதிவு செய்யும்போது வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கிறாரா என்று கேளுங்கள். சாவிப்பெட்டி என்றால் வேறு இடம் பாருங்கள்.

அறையைப் பதிவு செய்யலாம், பகலைப் பதிவு செய்யாதீர்கள். ஜூனில் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. மூன்று நாளில் ஒரு நாளை வெறுமனே விட்டுவையுங்கள். அது மழையின் பங்கு. ஜான்சனும் பாஸ்வெல்லும் புயலில் மாட்டிக் கோல் தீவில் பத்து நாளுக்கு மேல் கிடந்தார்கள். திட்டத்தில் இல்லாத தீவு அது.

காரைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். நம்மைப் போல இடதுபக்கம்தான். சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் நம் ஊர் லைசென்ஸை வைத்தே 12 மாதம் வரை ஓட்டலாம். வாடகைக் கம்பெனிகளின் வயது வரம்பை மட்டும் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சின்னக் காராக எடுங்கள். பெட்ரோல் பங்கைப் பார்த்தால் நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 'மிட்ஜ்' என்றொரு பொடிக்கொசு கோடையில் கூட்டமாக வந்து பிடுங்கும். நம் கொசுவுக்குப் பழகிய தோல் என்று இறுமாந்திருக்க வேண்டாம்.

கடைசியாக, அந்த இரண்டு புத்தகங்களில் ஒன்றையாவது எடுத்துப்போங்கள். முதலில் பாஸ்வெல், அவர்தான் சுவாரசியம். ஊர் திரும்பிய பிறகு ஜான்சன். அவர் மலையழகில் மயங்காதவர். மரமே இல்லாத ஊர் என்று வழியெல்லாம் குறைப்பட்டவர். மல் தீவில் அவருடைய பெரிய கைத்தடி காணாமல் போனபோது, இந்த ஊரில் இவ்வளவு பெரிய மரக்கட்டை கிடைத்தால் யார் திருப்பித் தருவார்கள் என்று கேட்டவர். பழைய குலவாழ்க்கையைப் பார்க்க வந்து, 1746 கல்லோடன் தோல்வியோடு அது முடிந்துவிட்டது, ரொம்பத் தாமதமாக வந்துவிட்டோம் என்று உணர்ந்தவர்.

நாம் அதற்கும் 250 வருஷம் தாமதம். ஆனாலும் காலையில் தட்டோடு வந்து நிற்கிற ஒருவர் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார். அவரை உட்காரச் சொல்லிப் பேசுங்கள். கோட்டை எங்கேயும் போய்விடாது, மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம்.